நிறம் பார்த்த படுக்கைகள்

1950 டிசம்பரில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், அலமான்ஸ் வட்டாரத்தில், ஒரு சாலை விபத்து. தலையில் பலத்த அடிபட்ட கறுப்பின மாணவர் ஒருவரை முதலில் உள்ளூர் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து, பெரிய வசதிகள் கொண்ட டர்ஹாம் நகரின் டியூக் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். கறுப்பர்களுக்கென்று ஒதுக்கிய படுக்கைகள் நிரம்பிவிட்டன என்று டியூக்கில் சேர்க்க மறுத்துவிட்டார்கள். அதே நகரில் கறுப்பினத்தவருக்கென இருந்த லிங்கன் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்த சற்று நேரத்தில் அவர் உயிர் பிரிந்தது. உலகப் போரில் அந்நாட்டுப் படையில் பணிபுரிந்து திரும்பியவர் அவர். அதே ஆண்டு ஏப்ரலில், அதே வட்டாரத்தில், இன்னொரு கார் விபத்தில் சார்லஸ் ட்ரூ இறந்திருந்தார். ரத்தப் பிளாஸ்மாவைப் பெருமளவில் சேமித்துவைக்கும் முறையை வளர்த்தெடுத்த கறுப்பின அறுவை மருத்துவர் அவர். வெள்ளையர் மருத்துவமனை கதவடைத்ததால் ரத்தம் கிடைக்காமல் ட்ரூ செத்தார் என்று ஒரு கதை இன்றுவரை சொல்லப்படுகிறது. அது உண்மையல்ல. உள்ளூர் மருத்துவமனையின் வெள்ளை மருத்துவர்கள் அவரைக் காப்பாற்றத் தங்களால் ஆனதையெல்லாம் செய்தார்கள். காயங்கள் அத்தனை கடுமையாக இருந்தன. புகழ்பெற்றவரைப் பற்றிய பொய்க்கதை நிலைத்துவிட்டது. பெயர் பரவாத மாணவருக்கு நடந்த உண்மை பெரும்பாலும் மறந்துபோனது.

இந்த இரண்டு சாவுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், மருத்துவத்தில் இனப்பாகுபாடு எப்படி இயங்கியது என்பது விளங்கும். ட்ரூவைப் பற்றிய கதைக்கு ஒரு கொடியவர் வேண்டும். சாகக் கிடப்பவரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும் மருத்துவர் ஒருவர் வேண்டும். மாணவரின் சாவுக்கு அப்படி யாரும் தேவைப்படவில்லை. படுக்கைகளை நிறவாரியாகப் பிரித்து எழுதிய ஒரு பதிவேடு போதுமானதாக இருந்தது. அன்றிரவு பணியில் இருந்தவர்கள் நல்லவர்களா கெட்டவர்களா என்று ஆராய வேண்டியதே இல்லை. விதி அவர்களுக்காக முன்பே முடிவெடுத்துவிட்டது. மருத்துவத்தில் இன ஏற்றத்தாழ்வை மனித மனத்தின் அழுக்காக மட்டும் பார்க்கிறவர்கள், மனங்களைத் திருத்துவதே மருந்து என்று நம்புகிறார்கள். அமெரிக்க மருத்துவமனைகளின் வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. அந்த ஏற்றத்தாழ்வைக் கட்டியவை விதிகளும் பணமும். அதன் பெரும்பகுதியை உடைத்தவையும் விதிகளும் பணமும்தான். மனமாற்றம் பின்னால் வந்தது. சில இடங்களில் ஐம்பது ஆண்டுகள் கழித்து வந்தது.

கட்டிய விதத்தை முதலில் பார்ப்போம். இனவாரியாகப் பிரித்தாலும் சம வசதி இருந்தால் போதும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1896-இல் பிளெஸி வழக்கில் தீர்ப்பளித்தது. அந்த வழக்கு ரயில் பெட்டியைப் பற்றியது. ஆனால் அதன் நிழல் பள்ளி, உணவகம், மருத்துவமனை என்று எல்லாவற்றின் மீதும் விழுந்தது. மருத்துவத்துக்குள் இந்தப் பிரிவினையைக் காத்து நின்றவை தொழில் சங்கங்கள். அமெரிக்க மருத்துவச் சங்கத்தில் சேர வேண்டுமானால் உள்ளூர்ச் சங்கத்தில் உறுப்பினராக இருக்க வேண்டும். தெற்கத்திய உள்ளூர்ச் சங்கங்கள் கறுப்பின மருத்துவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பல மருத்துவமனைகள், சங்க உறுப்பினர்களுக்கு மட்டுமே நோயாளிகளைச் சேர்த்துச் சிகிச்சை தரும் உரிமையை அளித்தன. ஆக, கறுப்பின நோயாளி தப்பித்தவறி ஒரு வெள்ளையர் மருத்துவமனையின் அடித்தள வார்டில் இடம் பிடித்தாலும், அவரை ஆண்டாண்டுகளாகப் பார்த்துவந்த கறுப்பின மருத்துவர் வாசலோடு நின்றுவிட வேண்டும். ஒதுக்கப்பட்ட மருத்துவர்கள் 1895-இல் அட்லாண்டாவில் தங்களுக்கென்று தேசிய மருத்துவச் சங்கத்தைத் தொடங்கினார்கள். 1910-இல் வெளியான ஃபிளெக்ஸ்னர் அறிக்கை மருத்துவக் கல்வியின் தரத்தை உயர்த்தியது என்று பாடநூல்கள் பாராட்டுகின்றன. அதன் பிறகு, கறுப்பினத்தவருக்கென இருந்த ஏழு மருத்துவக் கல்லூரிகளில் ஹோவர்டு, மெஹாரி என்ற இரண்டு மட்டுமே மிஞ்சின என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அடுத்த அரை நூற்றாண்டுக்கு ஒரு நாட்டின் கறுப்பின மருத்துவர்களில் பெரும்பாலோரை இந்த இரண்டு கல்லூரிகளே உருவாக்க வேண்டியிருந்தது.

இந்த விதிகளுக்கு அறிவியல் ஆதாரம் எதுவும் தேவைப்படவில்லை என்பதற்கு ரத்தமே சாட்சி. 1941-இல் செஞ்சிலுவைச் சங்கத்தின் முன்னோடி ரத்த வங்கியை நிர்வகித்தவர் ட்ரூ. போருக்காக ரத்தம் திரட்டத் தொடங்கிய அந்தச் சங்கம் முதலில் கறுப்பினத்தவரின் ரத்தத்தை வாங்கவே மறுத்தது. எதிர்ப்பு எழுந்ததும் 1942-இல் வாங்கிக்கொள்ளச் சம்மதித்தது. ஆனால் தனியாகக் குறியிட்டு, தனியாக வைத்தது. ரத்தத்தில் ஏ, பி, ஓ என்று வகைகள் உண்டு. வெள்ளை, கறுப்பு என்று வகை கிடையாது என்பது அன்றைய மருத்துவர் அனைவருக்கும் தெரியும். தெரிந்தும் புட்டிகளில் குறி ஒட்டினார்கள். 1950-இல் செஞ்சிலுவைச் சங்கம் இதைக் கைவிட்டது. லூசியானா மாநிலச் சட்டப் புத்தகத்தில் இந்த விதி 1972 வரை இருந்தது. அறியாமையால் வந்த தவறு என்றால் அறிவு வந்ததும் போயிருக்க வேண்டும். விதியாக எழுதப்பட்ட ஒன்று, அதற்குக் காரணமான நம்பிக்கை செத்த பிறகும் தன் போக்கில் நடந்துகொண்டே இருந்தது.

விதிக்குப் பணமும் சேர்ந்தது 1946-இல். போர் முடிந்ததும், மருத்துவமனையே இல்லாத சிற்றூர்களில் மருத்துவமனை கட்ட மத்திய அரசு மானியம் தரும் சட்டம் ஒன்று நிறைவேறியது. அலபாமாவின் செனட்டர் லிஸ்டர் ஹில், ஒஹாயோவின் செனட்டர் ஹெரால்டு பர்ட்டன் ஆகியோரின் பெயரால் அதை ஹில்-பர்ட்டன் சட்டம் என்பார்கள். நல்ல சட்டம்தான், அமெரிக்கக் கிராமப்புறத்தில் இன்று நிற்கும் மருத்துவமனைகளில் பல அந்த மானியத்தில் எழுந்தவை. இனப்பாகுபாடு கூடாது என்று ஒரு வரியும் அதில் இருந்தது. அதை ஒட்டியே, தனித்தனிக் கட்டடங்கள் இருந்து, இரு தரப்புக்கும் சமமான வசதி செய்தால் அதுவும் சரிதான் என்ற விதிவிலக்கும் இருந்தது. அதற்கும் மேலே, பாகுபாடு காட்டமாட்டோம் என்று எழுதிக் கொடுத்த மருத்துவமனைகள்கூட, கட்டடத்துக்குள் தனி வார்டு, தனி வாசல் வைத்துக்கொள்ளலாம் என்று அதிகாரிகள் பொருள் சொன்னார்கள். கறுப்பின உழைப்பாளியின் வரிப்பணமும் சேர்ந்து கட்டிய கட்டடத்துக்குள் அவரே நுழைய முடியாத நிலையை நாட்டின் சட்டம் ஏற்றுக்கொண்டது. பழைய வழக்கம் தானாகத் தேய்ந்து மறைந்திருக்கக்கூடிய காலத்தில், அரசாங்கம் அதைப் புதுச் செங்கல்லும் சிமெண்டும் கொண்டு எழுப்பிக் கொடுத்தது.

இதை நல்ல வார்த்தை சொல்லி மாற்றப் பார்த்தவர்கள் இல்லாமல் இல்லை. ஹோவர்டு பல்கலைக்கழகத்தின் உடற்கூறியல் பேராசிரியர் மாண்டேக் காப் 1957 முதல் 1963 வரை ஆண்டுதோறும் ஒரு மாநாடு கூட்டினார். அமைதி வழியில் பேசி மருத்துவமனைகளைத் திறக்கச் செய்யலாம் என்ற எண்ணத்தோடு, பழங்கால எகிப்தின் மருத்துவ மேதை இம்ஹோடெப்பின் பெயரை மாநாட்டுக்கு வைத்தார். மருத்துவச் சங்கத்துக்கும் மருத்துவமனைச் சங்கத்துக்கும் அழைப்புகள் போயின. ஏழு ஆண்டுகள் பேசியும் தெற்கின் வார்டுகள் அப்படியே இருந்தன. காப்பின் உழைப்பு வீண் என்று சொல்வதற்கில்லை. பின்னால் வந்த போராட்டத்துக்கு வாதங்களையும் ஆட்களையும் திரட்டிக் கொடுத்தவர் அவர். ஆனால் மறுப்பதற்கு விலை எதுவும் இல்லாதபோது, வேண்டுகோளுக்கு இணங்க வேண்டிய அவசியம் எதிர்த்தரப்புக்கு இருக்கவில்லை.

அந்த விலையை முதலில் வைத்தவர்கள் வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரத்துக் கறுப்பின மருத்துவர்கள். ஜார்ஜ் சிம்கின்ஸ் அந்த ஊரின் பல் மருத்துவர். கடைவாய்ப் பல்லில் சீழ் கட்டி, முகம் வீங்கி, காய்ச்சலோடு வந்த ஒரு நோயாளியை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. கறுப்பினத்தவருக்கான ரிச்சர்ட்சன் மருத்துவமனையில் இடமில்லை. ஊரின் பெரிய மருத்துவமனைகள் இரண்டு: மோசஸ் கோன், வெஸ்லி லாங். இரண்டுமே மறுத்தன. கோன் மருத்துவமனை ஒருசில கறுப்பினத்தவரைச் சிறப்பு நிபந்தனைகளோடு சேர்த்துக்கொள்ளும். வெஸ்லி லாங் யாரையும் சேர்க்காது. இரண்டும் தனியார் அறக்கட்டளைகள். யாரைச் சேர்ப்பது என்பது அவர்கள் விருப்பம் என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். சிம்கின்ஸ் கணக்கைப் பார்த்தார். ஹில்-பர்ட்டன் மானியமாகக் கோன் சுமார் 12.7 லட்சம் டாலரும், வெஸ்லி லாங் சுமார் 19.5 லட்சம் டாலரும் வாங்கியிருந்தன. பின்னதில் அது கட்டுமானச் செலவில் பாதி. அரசுப் பணத்தில் கட்டி, அரசுத் திட்டத்தின் அங்கமாக இயங்கும் மருத்துவமனை, அரசியல் சாசனத்துக்கு மட்டும் எப்படி வெளியே நிற்க முடியும் என்பது அவர்களின் கேள்வி. 1962-இல் மருத்துவர்களும் பல் மருத்துவர்களும் நோயாளிகளும் சேர்ந்து வழக்குத் தொடுத்தார்கள். மத்திய நீதித் துறை அவர்கள் பக்கம் வந்து நின்றது. கீழ் நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. 1963 நவம்பர் 1 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்து, ஹில்-பர்ட்டன் சட்டத்தின் அந்த விதிவிலக்கும் செல்லாது என்றது. அடுத்த மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்ததால் தீர்ப்பு நிலைத்தது.

நீதிமன்றத் தீர்ப்பால் ஒவ்வொரு மருத்துவமனையாகத்தான் திறக்க முடியும். ஊருக்கு ஊர் ஒரு சிம்கின்ஸும், வழக்கு நடத்தப் பணமும், பல ஆண்டுப் பொறுமையும் வேண்டும். 1964 ஜூலையில் வந்த குடிமை உரிமைச் சட்டத்தின் ஆறாம் பகுதி இதைப் பொது விதியாக்கியது: மத்திய அரசின் நிதி பெறும் எந்தத் திட்டத்திலும் இனம், நிறம், பூர்விக நாடு ஆகியவற்றைக் காட்டி யாரையும் விலக்கக் கூடாது. இந்த விதியும் தனியாக நின்றிருந்தால் ஏட்டோடு போயிருக்கும். ஏனென்றால் ஏற்கனவே கட்டி முடித்த மருத்துவமனைகளுக்கு மத்திய அரசின் பணம் அதிகம் தேவைப்படவில்லை. 1965 ஜூலை 30 அன்று ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட மெடிகேர் சட்டம் அந்தக் கணக்கை மாற்றிப் போட்டது. 65 வயதைக் கடந்தவர்களின் மருத்துவமனைச் செலவை அரசே ஏற்கும். தொடக்கத்திலேயே சுமார் 1.9 கோடிப் பேர் இதன்கீழ் வருவார்கள். முதியவர்களே அதிகம் படுக்கும் மருத்துவமனைக்கு இந்தப் பணம் இல்லாமல் இனிக் காலம் தள்ள முடியாது. பணம் கிடைக்கத் தொடங்கும் நாள் 1966 ஜூலை 1 என்று தேதியும் குறித்தாகிவிட்டது.

அந்த ஆண்டு மார்ச் மாதத்தில் நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரி வில்லியம் ஸ்டூவர்ட்டிடமிருந்து ஒவ்வொரு மருத்துவமனைக்கும் கடிதம் போனது. இனம் பார்க்காமல் நோயாளிகளைச் சேர்க்க வேண்டும், அறை ஒதுக்க வேண்டும், மருத்துவர்களுக்குப் பணி உரிமை தர வேண்டும். இல்லாவிட்டால் மெடிகேர் பணம் இல்லை. எழுதி வாங்கினால் மட்டும் போதாது என்பது ஹில்-பர்ட்டன் அனுபவத்திலிருந்து தெரிந்திருந்தது. அதனால் பொதுச் சுகாதாரத் துறையில் ஒரு தனி அலுவலகம் அமைத்து, மற்ற துறைகளிலிருந்து கடனாகப் பெற்ற ஊழியர்கள், மருத்துவ மாணவர்கள் எனப் பல நூறு பேரைக் குறுகிய பயிற்சி கொடுத்துத் தெற்கே அனுப்பினார்கள். அவர்கள் பார்த்தவை மிகச் சாதாரணமான விஷயங்கள். குடிநீர்க் குழாய் இரண்டா ஒன்றா? காத்திருக்கும் அறை எப்படி? ஊழியர் உணவறையில் யார் எங்கே உட்காருகிறார்கள்? பிரசவ வார்டில் குழந்தைகளைத் தனித்தனியாக வைத்திருக்கிறார்களா? இரண்டு படுக்கைகள் கொண்ட அறைகளில் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் அடுத்தடுத்துப் படுத்திருக்கிறார்களா? ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் நோயாளிகளைக் கலந்து படுக்க வைத்து, அவர் ஊர் எல்லையைத் தாண்டியதும் பழையபடி பிரித்த மருத்துவமனைகளும் இருந்தன. அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர்கள் அங்கேயே வேலை பார்த்த கறுப்பினச் செவிலியரும், சமையல்காரரும், துப்புரவுப் பணியாளரும். வேலை போகும், வேலையோடு போகாமல் உயிருக்கும் ஆபத்து வரும் என்று தெரிந்தே அவர்கள் பேசினார்கள். இந்த மாற்றத்தை வாஷிங்டன் கொடுத்த வரமாகச் சொல்லும் வரலாற்றில் இவர்களின் இடம் விடுபட்டுப் போகிறது. உள்ளிருந்து உண்மை சொன்னவர்கள் இல்லாவிட்டால் ஆய்வு வெறும் சடங்காகியிருக்கும்.

ஜூலை 1 வந்தபோது நாட்டின் மருத்துவமனைகளில் மிகப் பெரும்பாலானவை தகுதிச் சான்று பெற்றிருந்தன. ஆழ்தெற்கு மாநிலங்களில் சில நூறு மருத்துவமனைகள் இன்னும் முரண்டு பிடித்தன; அவற்றிலும் பெரும்பாலானவை அடுத்த சில மாதங்களில் பணிந்தன. எழுபது ஆண்டு வழக்கம் நான்கு மாதங்களில் குலைந்தது. 1954-இல் வந்த பள்ளி ஒருங்கிணைப்புத் தீர்ப்பு பத்தாண்டு கழித்தும் தெற்கில் பெயரளவிலேயே இருந்ததை இதோடு ஒப்பிட்டால், வேகத்தின் காரணம் புரியும். பள்ளிகளுக்குத் தீர்ப்பு மட்டும் வந்தது. மருத்துவமனைகளுக்கு நிபந்தனையோடு பணம் வந்தது, நேரில் போய்ப் பார்க்க ஆள் வந்தார், தள்ளிப்போட முடியாத ஒரு நாளும் வந்தது. இன்னொரு காரணமும் உண்டு. மாற விரும்பிய நிர்வாகிகள்கூடத் தனியாக மாறப் பயந்தார்கள். தங்கள் கதவை மட்டும் திறந்தால் வெள்ளை நோயாளிகள் பக்கத்து மருத்துவமனைக்குப் போய்விடுவார்களே என்ற பயம். எல்லோருக்கும் ஒரே நாளில் ஒரே விதி என்று வந்தபோது அந்தப் பயத்துக்கு இடமில்லாமல் போனது. மனத்தை மாற்றாமலேயே நடத்தையை மாற்ற முடிந்தது. மன்னிப்பு பிறகு வந்தது: அமெரிக்க மருத்துவச் சங்கம் 2008-இல் கேட்டது, கிரீன்ஸ்பரோவின் கோன் மருத்துவமனை, வழக்குத் தொடுத்தவர்களில் கடைசியாக உயிரோடு இருந்த மருத்துவர் ஆல்வின் பிளவுண்ட்டிடம் 2016-இல் கேட்டது. அந்த மன்னிப்புக்காகக் காத்திருந்திருந்தால் இரண்டு தலைமுறை நோயாளிகள் வாசலிலேயே செத்திருப்பார்கள்.

கதவு திறந்ததால் உயிர் பிழைத்தவர்கள் யார்? மெடிகேர் முதியவர்களுக்கான திட்டம். ஆனால் அதன் நிபந்தனை மருத்துவமனை முழுமைக்கும் பொருந்தியது. பலன் மிகத் தெளிவாகத் தெரிந்தது கைக்குழந்தைகளிடம். 1960-களின் நடுப்பகுதி வரை மிசிசிப்பி கிராமங்களில் கறுப்பினக் குழந்தைகள் வயிற்றுப்போக்காலும் நிமோனியாவாலும் செத்துக்கொண்டிருந்தன. இரண்டுமே, நேரத்துக்கு மருத்துவமனை சேர்த்தால் பிழைக்க வைக்கக்கூடியவை. ஒன்றுக்குச் சிரை வழியே ஏற்றும் திரவம், மற்றதற்கு ஆன்டிபயாடிக். மருந்து பல ஆண்டுகளாகக் கையில் இருந்தது. குழந்தையை உள்ளே விடும் கதவுதான் இல்லை. பொருளாதார ஆய்வாளர்கள் டக்ளஸ் ஆல்மண்ட், கென்னத் சே, மைக்கேல் கிரீன்ஸ்டோன் ஆகியோர் இந்தக் காலத்துப் பதிவுகளைத் திரும்ப எடுத்துப் பார்த்தார்கள். 1965-க்குப் பிந்தைய ஆறேழு ஆண்டுகளில் தெற்கின் கறுப்பினக் குழந்தைச் சாவு விகிதம் வெகு வேகமாகக் குறைந்திருந்தது. அதிகம் குறைந்தவை இந்த இரண்டு நோய்களால் வந்த சாவுகள். வெள்ளைக் குழந்தைகளிடம் அதே அளவு மாற்றம் இல்லை.

இங்கே ஒரு நியாயமான ஐயம் எழும். அந்தக் காலத்தில் வறுமை ஒழிப்புத் திட்டங்கள் பல ஒன்றாக வந்தன. குழந்தைகளைக் காத்தது மருத்துவமனைதான் என்று எப்படிச் சொல்வது? ஏழைகளுக்கான மருத்துவ உதவித் திட்டமான மெடிகெய்ட் மிசிசிப்பியில் 1970-இல்தான் தொடங்கியது. சாவு குறையத் தொடங்கியது அதற்கு முன்பே. உணவும் வருமானமும் மட்டும் காரணமாக இருந்தால், பலவகைச் சாவுகளும் பரவலாகக் குறைந்திருக்க வேண்டும். மருத்துவமனையால் தடுக்கக்கூடிய சாவுகளில் சரிவு குவிந்திருப்பது கதவைத்தான் காட்டுகிறது. மற்றத் திட்டங்களுக்கும் பங்கு உண்டு என்பதை மறுக்க வேண்டியதில்லை. கதவு மூடியே இருந்திருந்தால் அவை இந்தக் குழந்தைகளைக் காப்பாற்றியிருக்காது. இதே சான்று இன்னொரு பழைய வாதத்தையும் முடித்துவைக்கிறது. கறுப்பினத்தவரின் உடல்வாகிலேயே பலவீனம் இருக்கிறது என்று அமெரிக்க மருத்துவம் அடிமைக் காலத்திலிருந்து சொல்லிவந்தது. ஒரு மக்கள் கூட்டத்தின் மரபணு ஆறு ஆண்டுகளில் மாறாது. ஆறு ஆண்டுகளில் மாறியது மருத்துவமனையின் சேர்க்கை விதி.

வறுமைதான் உண்மையான காரணம், இனம் அதன் மேல்பூச்சு என்று சொல்பவர்களும் உண்டு. ஏழை வெள்ளையரும் மோசமான மருத்துவமே பெற்றார்கள் என்பது சரி. ஆனால் கிரீன்ஸ்பரோவில் வழக்குத் தொடுத்தவர்கள் மருத்துவர்கள். அவர்களிடம் பணமும் படிப்பும் இருந்தன. டியூக்கிலிருந்து திரும்பிப் போன மாணவரை யாரும் பணம் இருக்கிறதா என்று கேட்டுத் திருப்பியனுப்பவில்லை. அமெரிக்க மருத்துவக் கழகம் 2003-இல் வெளியிட்ட பெரிய அறிக்கையும் இதையே வேறு வகையில் உறுதிசெய்தது: ஒரே அளவு வருமானமும் காப்பீடும் உள்ளவர்களை ஒப்பிட்டாலும் சிறுபான்மை இனத்தவருக்குத் தரம் குறைந்த சிகிச்சையே கிடைத்தது. வறுமையும் இனமும் இரு வேறு பாரங்கள். ஒன்றை இறக்கினால் மற்றது தானாக இறங்கிவிடாது. அதோடு, தலைமுறை தலைமுறையாக நல்ல மருத்துவம் மறுக்கப்பட்ட குடும்பம், உழைக்கும் ஆளை இளமையிலேயே இழந்து, வறுமையில் இன்னும் ஆழமாக விழுந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

இவற்றையெல்லாம்விடக் கனமான மறுப்பு கறுப்பினத்தவர் தரப்பிலிருந்தே வருகிறது. இன ஒருங்கிணைப்பு, அவர்கள் கட்டியெழுப்பிய மருத்துவமனைகளை அழித்துவிட்டது என்பது அந்த மறுப்பு. டேனியல் ஹேல் வில்லியம்ஸ் 1891-இல் சிகாகோவில் தொடங்கிய பிராவிடன்ட் மருத்துவமனை 1987-இல் மூடியது. பின்னர் உள்ளூராட்சி எடுத்துத் திறந்தது. செயின்ட் லூயிஸ் நகரில் கறுப்பின மருத்துவர்கள் பல நூறு பேருக்குப் பயிற்சி தந்த ஹோமர் பிலிப்ஸ் மருத்துவமனை, மக்கள் தெருவில் திரண்டு தடுத்தும் 1979-இல் மூடப்பட்டது. டர்ஹாமின் லிங்கன் 1976-இல் போனது. நோயாளிகள் பெரிய மருத்துவமனைகளுக்குப் போனார்கள். அங்கே கறுப்பின மருத்துவருக்கும் செவிலியருக்கும் தலைமைப் பொறுப்புகள் கிடைக்கவில்லை. தங்கள் மொழியில் பேசி, தங்களை மதித்து நடத்திய இடம் போய்விட்டது என்று முதியவர்கள் வருந்தினார்கள். அந்த வருத்தம் உண்மையானது. ஆனால் அந்த மருத்துவமனைகள் அத்தனை காலமும் குறைந்த பணத்தில் மூச்சுத் திணறி நின்றதற்கும் இதே பிரிவினைதான் காரணம். இழப்பிலிருந்து நாம் கற்க வேண்டியது, கதவைத் திறக்கும் விதி அதிகாரத்தையும் பகிர்ந்தளிக்க வேண்டும் என்பது. 1966-இன் நிபந்தனைகள் நோயாளி எங்கே படுக்கிறார் என்று பார்த்தன. யார் நிர்வகிக்கிறார், யாருக்குப் பயிற்சி இடம் கிடைக்கிறது என்று அதே கண்டிப்போடு பார்க்கவில்லை. மெடிகேர் வந்த அதே 1965-இல் திருத்தப்பட்ட குடியேற்றச் சட்டத்தின் வழியே வெளிநாட்டு மருத்துவர்கள் ஆயிரக்கணக்கில் அமெரிக்கா போனார்கள்; சென்னையிலும் மதுரையிலும் படித்த தமிழர்களும் அவர்களில் உண்டு. நிறத்தையும் பூர்விக நாட்டையும் காட்டி யாரையும் விலக்கக் கூடாது என்ற விதி அவர்களுக்கும் வழி செய்தது. அந்த விதிக்காக வழக்காடி, வேலையைப் பணயம் வைத்தவர்கள் கறுப்பினத்தவர் என்பது நம்மவர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டிய கடன்.

விதி எங்கே எட்டவில்லையோ அங்கே ஏற்றத்தாழ்வு தங்கிவிட்டது என்பது என் வாதத்தின் மறுபக்கம். மெடிகேரின் ஒரு பகுதி மருத்துவமனைக்கும், இன்னொரு பகுதி தனி மருத்துவர்களுக்கும் பணம் தந்தது. மருத்துவர்களுக்குப் போகும் தொகையை அரசு நிதியுதவியாகக் கருதுவதில்லை என்று அன்றைக்கே முடிவெடுத்தார்கள். அதனால் மருத்துவரின் சொந்தக் கிளினிக்கில் இரண்டு காத்திருப்பு அறைகள் இருந்தாலும் ஆய்வாளரால் கேட்க முடியவில்லை. அந்த விலக்கை நீக்கும் விதி 2024-இல்தான் வந்தது. முதியோர் பராமரிப்பு இல்லங்களிலும் 1966-இன் கண்டிப்பு காட்டப்படவில்லை. இன்று அமெரிக்காவில் வெள்ளைத் தாய்மார்களைப்போல் மூன்று மடங்குக்கு மேல் கறுப்பினத் தாய்மார்கள் மகப்பேற்றை ஒட்டி இறக்கிறார்கள். 2023-இல் ஒரு லட்சம் பிறப்புக்கு 14.5, 50.3 என்பது அந்தக் கணக்கு. சட்டம் தோற்றுவிட்டது என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுகிறார்கள். வாசலில் நின்ற விதியை அந்தச் சட்டம் எடுத்தது. உள்ளே, சிகிச்சை முடிவுகளுக்குள் இருந்த விதிகளை யாரும் அப்போது தேடிப் பார்க்கவில்லை.

அப்படி உள்ளே இருந்த ஒரு விதியை அண்மையில் எடுத்த கதை இந்த வாதத்தை இன்றைக்குக் கொண்டுவருகிறது. சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை ரத்தத்தில் உள்ள கிரியாட்டினின் அளவிலிருந்து ஒரு சூத்திரத்தால் கணிப்பார்கள். முன்பு பரவலாக இருந்த ஒரு சூத்திரம், நோயாளி கறுப்பினத்தவர் என்றால் விடையை 1.21-ஆல் பெருக்கச் சொன்னது. கறுப்பினத்தவருக்குத் தசை அதிகம் என்ற ஊகம் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. ஒரே வயது, ஒரே பால், ஒரே கிரியாட்டினின் அளவு கொண்ட இருவரை எடுத்துக்கொள்வோம். வெள்ளையருக்கு 18 என்று வந்தால் கறுப்பினத்தவருக்கு ஏறக்குறைய 22 என்று வரும். மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்பில் நாள் கணக்குத் தொடங்க 20 அல்லது அதற்குக் கீழே வர வேண்டும். முதலாமவர் இன்றே வரிசையில் நிற்கிறார். இரண்டாமவரின் சிறுநீரகம் இன்னும் கெடும்வரை காத்திருக்க வேண்டும். சூத்திரத்தைக் கணினியில் தட்டிய ஆய்வகப் பணியாளருக்கு எந்தக் காழ்ப்பும் இல்லை. அவரே கறுப்பினத்தவராகவும் இருந்திருக்கலாம். 2021-இல் சிறுநீரக மருத்துவ அமைப்புகள் இனப் பெருக்கலை நீக்கின. உறுப்பு ஒதுக்கீட்டு அமைப்பு அதோடு நிற்காமல், பழைய சூத்திரத்தால் பின்தள்ளப்பட்டவர்களைத் தேடிப் பிடித்து, இழந்த நாட்களைத் திருப்பித் தர வேண்டும் என்று 2023 முதல் எல்லா மையங்களுக்கும் கட்டளையிட்டது. அடுத்த ஆண்டு மார்ச்சுக்குள் 14,000-க்கும் மேற்பட்ட கறுப்பின நோயாளிகளின் காத்திருப்புக் காலம் திருத்தப்பட்டது. பொது விதி, கட்டாயத் தேதி, ஒவ்வொரு கோப்பையும் எடுத்துப் பார்க்கும் ஆள் என்று 1966-இல் வேலை செய்த அதே மூன்றும் இங்கேயும் வேலை செய்தன.

மருத்துவர்களின் மனத்தில் தெரியாமல் படிந்திருக்கும் பாகுபாட்டை உணர்த்தும் பயிற்சி வகுப்புகளுக்கு இன்று மருத்துவமனைகள் பெரும் முயற்சி செலவிடுகின்றன. அவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நோயாளியின் வலியை நம்பாத மருத்துவரால் எந்த விதியையும் நல்லபடியாகச் செயல்படுத்த முடியாது. ஆனால் வகுப்பு முடிந்து திரும்பும் மருத்துவர், பழைய சூத்திரமும் பழைய சேர்க்கை முறையும் பழைய ஊதியக் கணக்கும் உள்ள அதே மருத்துவமனைக்குத்தான் திரும்புகிறார். தாய்மார் சாவைக் குறைக்க வேண்டுமானால், பிரசவத்துக்குப் பின் பெருகும் ரத்தப்போக்கை எத்தனை நிமிடத்தில் கவனித்தார்கள், உயர் ரத்த அழுத்தத்துக்கு எப்போது மருந்து கொடுத்தார்கள் என்பதை ஒவ்வொரு மருத்துவமனையும் இனவாரியாகக் கணக்கெடுத்து வெளியிட வேண்டும். அரசு செலுத்தும் பிரசவக் கட்டணத்தை அந்தக் கணக்கோடு கட்டிவைக்க வேண்டும். கணக்கு சரிதானா என்று பார்க்க ஆள் போக வேண்டும். உள்ளேயிருந்து உண்மை சொல்லும் செவிலியருக்கு வேலைப் பாதுகாப்பு வேண்டும். இவை பணத்தின் மீதும் அதிகாரத்தின் மீதும் கை வைப்பதால் வகுப்பு நடத்துவதைவிடக் கடினம். பணத்தையும் அதிகாரத்தையும் தொடாத எந்தச் சீர்திருத்தமும் அமெரிக்க மருத்துவமனைகளின் இனச் சுவரை அசைத்ததாக வரலாற்றில் சான்று இல்லை. தொட்டபோது, யாராலும் முடியாது என்று சொன்னது நான்கு மாதங்களில் முடிந்தது.